சேவகர் அல்லர், பணியாளர்

“இந்தப் படிப்புப் படிச்சா எம் பொண்ணுக்கு என்ன உத்தியோகம்மா கிடைக்கும்?”

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப்பட்டுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் என்னை வழிமறித்துக் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் சென்னையில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வருகைப் பதிவேடு பார்க்கிறாள். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிறந்தவள், கிழக்குக் கோடியில் வேலை செய்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. மனநலச் சமூகப்பணியில் மேலும் இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும் என்கிறாள். நான் அந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தந்தை என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அருகில் நின்ற பெரியவர் ஒருவர், நம் பங்கில் மதிப்புக்குரியவர், குறுக்கிட்டார். “இதெல்லாம் சேவைங்க. உத்தியோகம்னு பாக்கக் கூடாது. ஆண்டவர் கொடுப்பார்” என்றார். நெசவாளர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தலையாட்டலில் ஒப்புதல் இல்லை. ஒரு கணக்கு முடிந்துபோனது.

நெசவாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளின் படிப்புக்குக் கடன் வாங்கிய தந்தை கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார். என் கோபமெல்லாம் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லின் மீது. சேவை! இந்த ஒரு சொல்லைக் கொண்டே ஒரு தொழிலை எழவிடாமல் அமர்த்தி வைத்திருக்கிறோம். மருத்துவர் செய்வது தொழில். வழக்கறிஞர் செய்வது தொழில். ஆசிரியர் செய்வது, நம் பள்ளிகளிலேயே, அரசு ஊதியம் பெறும் தொழில். உள்ளம் உடைந்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவரையும் குடும்பத்தையும் மாதக்கணக்கில் தாங்கிப் பிடிப்பது மட்டும் சேவை. சேவை என்று சொல்லிவிட்டால் ஊதியம் கேட்பது பேராசை ஆகிவிடும்; பதவி கேட்பது அகந்தை ஆகிவிடும்; முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி கேட்பது அடக்கமின்மை ஆகிவிடும்.

இந்தத் தொழிலுக்கு மக்கள் வாயில் இன்னும் ஒரு பெயர்கூட அமையவில்லை. வீட்டு வாசலில் நான் நின்றால் கன்னியர் என்று எண்ணிச் ‘சிஸ்டர்’ என்பார்கள். பொட்டு வைத்த வேற்றுமதத்துத் தோழி நின்றால் செவிலியர் என்று எண்ணி அவரையும் ‘சிஸ்டர்’ என்பார்கள். செய்தித்தாள்களில் ‘சமூக சேவகி’. சங்குமார்க் கைலி விளம்பரத்துக்கு அருகே, தீபாவளிக்கு இலவச வேட்டி வழங்கியவருக்கும் அதே பட்டம்தான். இரண்டு ஆண்டு முதுகலை, அதன்மேல் மனநல மருத்துவமனையில் இரவும் பகலுமாக இரண்டு ஆண்டு பயிற்சி, பிறகு தேர்வு, பதிவு என்று வந்தவருக்கும் வேட்டி வழங்கியவருக்கும் ஒரே பெயர்.

இந்தப் பணி எதைச் செய்கிறது என்பதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாத பணி.

பள்ளிப்பட்டு எல்லை ஊர். சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பகுதி. வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. குரல் கொடுத்ததெல்லாம் இந்த மண்ணுக்காகவும்தான். எல்லை மாறினாலும் வீட்டுக்குள் பேசும் மொழி மாறிவிடவில்லை. பல குடும்பங்களில் இன்றும் அடுக்களையில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் தறியின் ஓசை. இங்கிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல செய்தி. ஆயினும் அதுவும் திருத்தணி தாண்டித்தான் இருக்கிறது.

இப்பகுதியில் ஒரு நெசவாளர் குடும்பம். ஊரையும் பேரையும் மறைத்துச் சொல்கிறேன். ஆண்டையும் சொல்லப் போவதில்லை. குடும்பத் தலைவருக்கு மனச்சிதைவு நோய். நான் அப்போது பணியாற்றிய நிறுவனத்தின் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மருத்துவர், ஆனால் ஒரு முற்பகலில் எண்பது, நூறு பேரைப் பார்க்க வேண்டியவர். மூன்று மாதம் கழித்து நோயாளி மீண்டும் பழைய நிலையில் வந்தார். “குணம் தெரியவில்லை” என்று அளவு கூட்டப்பட்டது. அடுத்த மாதம் அவர் வரவே இல்லை. பதிவேட்டில் ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று எழுதி ஒரு கோடு போட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை சென்றபோது அவருடைய தாயார் தெலுங்கில் பேசத் தொடங்கினார். என் மாமியார் நகரிப் பக்கத்தவர் என்பதால் எனக்கு அந்த மொழி ஓரளவு வரும். என் கல்வியில் எந்தப் பல்கலைக்கழகமும் தராத தகுதி அதுதான் என்று பல முறை நினைத்திருக்கிறேன். தாயார் சொன்னது இது: மாத்திரை போட்டால் மகனுக்குக் கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் அறுந்த இழையைப் பிணைக்க முடிவதில்லை. இழை பிணைக்காமல் தறி நின்றால் முதலாளி கூலியைப் பிடிக்கிறார். இரவு முறையில் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. ஆகவே மகன் மாத்திரையை நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் “தவறாமல் போடுகிறேன்” என்று பொய் சொன்னார். மருத்துவரோ, அந்தப் பொய்யை நம்பி அளவைக் கூட்டிவிட்டார். மனைவி இரண்டு ஆள் கூலிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் போகவேண்டிய மூத்த மகன் பகலில் தறிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இதில் எது மருத்துவம், எது சமூகப்பணி? பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். கை நடுக்கத்தை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னதும் அவர் மருந்தை மாற்றினார். முதலாளியிடம் பேசி இரவு முறையைப் பகல் முறையாக மாற்றியதும், இழை பிணைக்கும் வேலைக்குப் பதில் சில மாதம் நூல் பிரிக்கும் வேலை வாங்கித் தந்ததும், மகனை மீண்டும் பள்ளியில் சேர்த்ததும், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதியதும், “பேய் பிடித்தவன் வீடு” என்று தண்ணீர்க் குழாயடியில் ஒதுங்கிய பெண்களோடு உட்கார்ந்து பேசியதும் என் வேலை. ஓராண்டுக்குப் பின் அவர் மீண்டும் தறிக்கு வந்தார். இந்த ஓராண்டில் மருத்துவர் அவரைப் பார்த்த நேரம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி தேறாது. இது மருத்துவர்மேல் குற்றச்சாட்டன்று. அவருடைய மாத்திரை இல்லாமல் என் பேச்சு வீண். என் பேச்சு இல்லாமல் அவருடைய மாத்திரை கூரைச் செருகலில் கிடந்தது.

அதே நிறுவனத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் எனக்கு இடம் கதவோரம். மருந்து வாங்குவது, ஊர்திக்குப் பணம் ஒதுக்குவது, எந்த ஊரில் முகாம் நடத்துவது என்பதெல்லாம் முன்வரிசையில் முடிவாகும். பள்ளிப்பட்டுக்கு முகாம் வேண்டும் என்று நான்கு கூட்டங்களில் கேட்டேன். ஐந்தாவது கூட்டத்தில், “சேவை மனப்பான்மையோடு இருங்கள், அம்மா, நிர்வாகத்தை எங்களிடம் விடுங்கள்” என்றார் ஒருவர். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தச் சொற்களை நான் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் அவற்றைச் சொன்னவர்கள் நம்மவர்கள்.

இது இங்கே மட்டும் உள்ள நோயன்று. 1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கபாட் என்ற மருத்துவர் ஒன்றைக் கண்டுகொண்டார். தாம் எழுதும் மருந்துச் சீட்டு நோயாளியின் வீட்டை எட்டுவதில்லை என்பதே அது. காற்றோட்டம் வேண்டும் என்று எழுதுகிறார். நோயாளி வாழும் அறைக்குச் சன்னலே இல்லை. வீடு வரை செல்லச் சமூகப்பணியாளரை அமர்த்தினார். மருத்துவமனை அதற்குப் பணம் தரவில்லை. கபாட் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். அந்தப் பிரிவை வளர்த்தெடுத்தவர் ஐடா கேனன் என்ற பெண்மணி. அதை மருத்துவமனை தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். இன்று அந்நாட்டில் மனநலப் பணியாளருள் பெரும் பங்கினர் சமூகப்பணியாளரே; உரிமம் பெற்றுத் தாமே உளச்சிகிச்சை அளிக்கிறார்கள், மருத்துவமனைகளை நடத்துகிறார்கள். நாமோ 1937-லேயே பம்பாயில், டாடா நிறுவனத்தாரின் சமூகப்பணிப் பள்ளியோடு இணைந்த குழந்தைகள் மனநல விடுதியில் மனநலச் சமூகப்பணியாளரை அமர்த்திவிட்டோம். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். தொடக்கத்தில் நாம் பின்தங்கவில்லை, நடுவழியில்தான் உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்ததன் விலை என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களுள் சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை. ஆய்வு நடந்த மாநிலங்களில் கேரளத்தைத் தவிர வேறெங்கும் இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மருத்துவர் எண்ணிக்கை கூடும்வரை காத்திருப்போம் என்பவர்கள், ஒரு மனநல மருத்துவர் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும், உருவானபின் அவர் பள்ளிப்பட்டுக்கு வருவாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டமாவது கைகொடுக்கிறதா? 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் பல வகையில் மேன்மையானது. சிகிச்சை பெறுவதை உரிமை ஆக்கியது. குடும்பத்தோடும் சமூகத்தோடும் வாழ்வதை உரிமை ஆக்கியது. எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்தது. மனநலச் சமூகப்பணியாளர் யார் என்பதற்கு வரையறையும் தந்தது: சமூகப்பணியில் முதுகலை, அதன்மேல் மனநலச் சமூகப்பணியில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். மாநில மனநல ஆணையத்தில் அவருக்கு ஓர் இடமும் உண்டு. ஆனால் நோயாளியின் உரிமை மீறப்பட்டால் முறையிட வேண்டிய மறுஆய்வு வாரியம் இருக்கிறதே, அதன் அமைப்பைப் பாருங்கள். மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர். மாவட்ட ஆட்சியரின் சார்பாளர் ஒருவர். மனநல மருத்துவர் ஒருவர். பொது மருத்துவர் ஒருவர். நோயுற்றவர், பராமரிப்போர், தொண்டு நிறுவனத்தார் தரப்பில் இருவர். ‘இவர் வீட்டுக்குத் திரும்ப முடியுமா?’ என்ற கேள்வி எழும் மேசையில், அந்த வீட்டை நேரில் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கென்று ஓர் இடம் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில் பட்டத்தையே நீக்கிவிட்டது. சட்டம் கேட்கும் தகுதியைக் கல்விக் கொள்கை ஒழித்துவிட்டது! பிறகு விழித்துக்கொண்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அந்தப் பட்டம் செல்லும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 சனவரியில் அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு உயிர்நீட்டிப்பு வாங்கும் படிப்பை நம்பி எந்தத் தந்தை மகளை அனுப்புவார்? 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம், நடத்தைசார் நலவியல் என்ற தலைப்பின்கீழ் மனநலச் சமூகப்பணியாளரையும் சேர்த்து, இதை ஒரு தொழிலாகப் பதிவுசெய்ய வழி திறந்திருக்கிறது. மத்திய அரசின் ஏட்டிலாவது நாங்கள் சேவகர் அல்லர், தொழில்வல்லார்.

இனி, என்னோடு மாறுபடுவோரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ‘நோய் என்பது மூளை சார்ந்தது, மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கே, பொறுப்பு யாருக்கோ தலைமையும் அவருக்கே’ என்பார்கள். மருந்துக்குத் தலைமை மருத்துவருக்கே. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனநலப் பராமரிப்பு என்பது மருந்து மட்டுமா? இந்த நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்களே அப்படி நினைக்கவில்லை. 1950-களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். நம் பக்கத்து வேலூரில், பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது முறையாக வளர்ந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நடத்திய மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவியது, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக. மாத்திரையோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதியிருந்தால் அந்த அமைப்பே தோன்றியிராது. அவ்வமைப்பும் பங்கேற்று, காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்றால் நோயாளியின் நிலை ஓரளவு கூடுதலாக மேம்படுகிறது என்று அது காட்டியது. ‘ஓரளவு’ என்பதை மறைக்க மாட்டேன். அந்த மேம்பாடு தெளிவாகத் தெரிந்த இடம் தமிழகத்து ஊரகப் பகுதி என்பதையும் மறைக்க மாட்டேன்.

சமூகப்பணியாளருக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்பார்க்கு 1993-ல் சென்னையில் நடந்ததைச் சொல்வேன். மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு எதிரே, தன்னிலை இழந்து சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள் இரண்டு இளம்பெண்கள்: வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார். எந்த இல்லமும் அந்தப் பெண்ணை ஏற்கவில்லை. ‘தி பேன்யன்’ அவ்வாறு பிறந்தது. வந்தனா சமூகப்பணி படித்தவர். வெள்ளை அங்கி அணிந்தவர் அல்லர். அந்த அமைப்பு பின்னர் மனநலத் தலைமைக்கென்றே 2007-ல் ஒரு கல்விக்கழகத்தையும் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே முடங்கியவர்களை, நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியமர்த்தி, சமைத்து, கடைக்குப் போய், அண்டை வீட்டாரோடு சண்டையும் போட்டு வாழவைக்கும் திட்டத்தை 2015 முதல் நடத்திக் காட்டியது. அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்போரில் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே கிடக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொன்னதும் அந்த முயற்சியின் தொடர்ச்சியே. மருத்துவம் ‘முடியாது’ என்று கைவிட்ட இடத்தில் ‘வீடு எங்கே?’ என்று கேட்பதுதான் சமூகப்பணியின் தலைமை.

இனி நம்மைப் பற்றி. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் குறை கூறியதற்கு எனக்கு உரிமை இல்லாமல் போகும்.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் குடிசைத் தீ பரவியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். இறந்தவர் 28 பேர். அன்று நம்மில் பலர் ‘அது அவர்கள் இடம்’ என்று பெருமூச்சு விட்டோம். நம் திருத்தலங்களின் மண்டபங்களிலும், குணமளிக்கும் வழிபாடு நடக்கும் கொட்டகைகளின் பின்புறத்திலும் கட்டுண்டு கிடந்தவர்களை நான் கண்டதில்லையா? கண்டிருக்கிறேன். மன்றாட்டை நான் இகழவில்லை. தென்னிந்தியாவில் ஒரு கோயிலில் தங்கிச் சென்ற மனநோயாளிகளின் நிலை, மருந்தே இல்லாமலும், அளவீட்டில் ஏறக்குறைய 20 விழுக்காடு தேறியதாக நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்பான சூழலும் தொந்தரவற்ற இருப்பும் தாமே மருந்தாகின்றன.  ஏர்வாடியிலேயே பின்னர் அரசு மனநலக் குழு தர்காவுக்கு அருகே மருத்துவமும் தொழுகையும் ஒருசேர நடக்க ஏற்பாடு செய்தது. நம் திருத்தலங்களுள் எத்தனையில் ஒரு மனநலச் சமூகப்பணியாளருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறோம்?

கெரசேனர் பகுதியில் கல்லறைகளுக்கிடையே திரிந்தவனின் நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தி விரிவாகச் சொல்கிறது. ஊரார் அவனுக்குச் செய்த ஒரே சிகிச்சை சங்கிலி. குணமானபின் அவன் இயேசுவோடு படகேற விரும்புகிறான். ஆண்டவர் அவனைச் சீடர் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமல் அவனுடைய வீட்டுக்கு, அவனுடைய உறவினரிடம் அனுப்புகிறார். எங்கள் தொழிலில் இதற்கு மறுவாழ்வு என்று பெயர். தொழிலின் மிகக் கடினமான பகுதியும் அதுவே. நம் இல்லங்களோ படகில் ஏற்றிக்கொள்வதில் வல்லவை. அருட்சகோதரியரின் உழைப்பு எனக்குத் தெரியும். புண் கழுவிய கைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் உள்ளே வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. வீடு திரும்பியவர் எத்தனை பேர் என்ற கணக்கு இருப்பதில்லை. அந்தக் கணக்கைக் கேட்கும் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்தினால்தான் அது ஏட்டில் ஏறும்.

நம் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லையா? புனித இறை யோவான் 1539-ஐ ஒட்டிக் கிரனாதா நகரின் அரச மருத்துவமனையில் பைத்தியக்காரர் என்று அடைக்கப்பட்டு, அக்காலச் சிகிச்சையான சவுக்கடியைத் தாமே பட்டவர். வெளியே வந்து அவர் தொடங்கிய மருத்துவமனையில் சவுக்கு இல்லை. பெல்ஜியத்தின் கீல் நகரில், புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த நோயாளிகளை ஊர் மக்கள் தம் வீடுகளில் தங்கவைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. 1938-ல் அவ்வாறு 3,700-க்கும் மேற்பட்டோர் குடும்பங்களில் வாழ்ந்தார்கள். இன்று எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் வழக்கம் நிற்கவில்லை. அது வெறும் இரக்கத்தால் மட்டும் நிற்கவில்லை. நோயாளியை ஏற்கும் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு, பின்னால் மருத்துவமனையும் முறையாகப் பயின்ற பணியாளரும் உண்டு. பக்தி வாசலைத் திறந்தது; தொழில்திறன் அதை மூடாமல் காத்தது.

தற்கொலை செய்துகொண்டவரின் அடக்கம் பற்றியும் ஒரு சொல். 1917-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ன் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-ன் மறைக்கல்வி நூல், கடுமையான உளப் பாதிப்பு மனிதரின் பொறுப்பைக் குறைக்கிறது என்கிறது. நாட்டின் சட்டமும் மாறிவிட்டது: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருப்பவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்றது 2017-ன் சட்டம், 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. உரோமையும் தில்லியும் மாறின. நம் கல்லறைத் தோட்டங்களின் ‘அந்த மூலை’ மாறியதா? பூச்சிமருந்து குடித்து இறந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு முப்பதாம் நாள்வரை பங்கிலிருந்து யாரும் போகவில்லை என்பதை நான் அறிவேன். ‘என்ன சொல்வதென்று தெரியவில்லை’ என்றார்கள். என்ன சொல்வதென்று தெரிந்துகொள்ள ஒரு படிப்பு இருக்கிறது, அன்பர்களே! சொல்லாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுத் தருவதும் அதே படிப்புதான்.

சென்னை இலயோலா கல்லூரியும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் பல்லாண்டுகளாகச் சமூகப்பணிப் பட்டம் வழங்குகின்றன. படித்துவரும் பிள்ளைகளில் பலர் மனிதவளப் பிரிவையே நாடுகிறார்கள் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். தொழிற்சாலை மாதம் தவறாமல் ஊதியம் தருகிறது, பதவி உயர்வு தருகிறது, வைப்புநிதி பிடிக்கிறது. நாம் என்ன தருகிறோம்? வெளிநாட்டு நிதி வரும்வரை ஒரு திட்டம். நிதி நின்றால் ஒரு பொன்னாடை. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, இரவு முறை முடித்து, ஒரு அறையில் பத்துப்பேராகப் படுத்து, ஊர் நினைப்பில் உறக்கம் தொலைக்கும் இளைஞர்கள் அந்தப் பெண்ணின் வருகைப் பதிவேட்டில் ‘விடுப்பு’ என்று பதிவாகிறார்கள். அவள் அந்தக் கட்டங்களை நிரப்பும்போது ஒவ்வொருவனும் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது என்று என்னிடம் சொன்னாள். கேட்பது அவள் வேலையில் சேராது.

ஒவ்வொரு மறைவட்டத்திலும் ஒரு முழுநேர மனநலச் சமூகப்பணியாளர்; நம் பள்ளி ஆசிரியருக்குக் குறையாத ஊதியம்; மறைமாவட்டச் சமூகப்பணி மையத்தின் முடிவெடுக்கும் குழுவில் வாக்குரிமையோடு ஓர் இடம்; அங்கே துறவியரும் பொதுநிலையினரும் சமமாகத் தேர்ந்தெடுக்கப்படுதல். நான் கேட்பது இவ்வளவே. பணம் எங்கே என்பார்கள். சென்ற பத்தாண்டில் நம் பங்குகளில் இடித்துக் கட்டப்பட்ட நல்ல கோபுரங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

மனநலச் சமூகப்பணிப் படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பப் படிவம் என் மேசைமேல் கிடக்கிறது. அந்தப் பெண் தன் பகுதியை நிரப்பிவிட்டாள். பெற்றோர் கையொப்பத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. சட்டப்படி அது தேவையே இல்லை, அவளுக்கு வயது இருபத்து நான்கு. ஆனாலும் அப்பாவின் கையொப்பம் இல்லாமல் அனுப்பமாட்டேன் என்கிறாள். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர் மீண்டும் என்னிடம் வருவார். பெரியவரும் அருகில்தான் நிற்பார்.